முப்பதுக்குக் கீழே

"நாற்பத்தொண்ணு," என்றார் டாக்டர் பர்வீன். "முப்பதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினேன்."

செந்தூர்பாண்டி மனைவியின் கையைப் பார்த்தான். மாரிச்செல்வியின் இடது புஜத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒட்டியிருந்தது அந்த வில்லை. அவள் ரத்தத்தை அளந்து, கோவில்பட்டியில் இருந்தபடியே மதுரை மருத்துவமனைக்கு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்து மாதமாக அந்த வீட்டில் நல்ல நாளா கெட்ட நாளா என்பதை முடிவு செய்வது அந்த எண்தான்.

"பள்ளிக்கூடத்துலகூட நான் முப்பத்தஞ்சைத் தாண்டுனது கிடையாது டாக்டரம்மா. இப்பதான் மார்க் நல்லா வருது," என்று செல்வி சிரித்தாள்.

செந்தூருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்த முகத்தையே சில விநாடிகள் உற்றுப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற பார்வை அது.

"மறுபடியும் சொல்றேன், கேளுங்க. வயித்துல ஒரு குழந்தை வளருது. அதுல பாதி அப்பாவோடது. அம்மா உடம்புக்கு அது அந்நியம். இருந்தாலும் அம்மாவோட எதிர்ப்பு அணுக்கள் அதை அடிக்கறதில்லை. ஏன்?"

"நஞ்சுக்கொடி காவல் காக்குது. ஆபரேஷனுக்கு முந்தி சொன்னீய," என்றாள் செல்வி.

"எப்படிக் காக்குதுன்னும் சொன்னேன். டிரிப்டோபன்னு ஒரு அமினோ அமிலம். நாம சாப்பிடற புரதத்துல இருக்கற ஒரு செங்கல். நஞ்சுக்கொடி தன்னைச் சுத்தி இருக்கற அந்தச் செங்கலை எல்லாம் தானே தின்னு தீர்த்துடும். அது கிடைக்கலேன்னா எதிர்ப்பு அணுக்களால பெருக முடியாது. பட்டினியில சுருண்டு படுத்துடும். உங்க வீட்டுக்காரர் கொடுத்த கிட்னிக்கு அந்த வித்தையைத்தான் கத்துக்கொடுத்து உள்ள வச்சோம். மத்தவங்களுக்குக் கொடுக்கற மருந்து உங்க நுரையீரலுக்கு ஆகாது. அதனாலதான் இந்த வழி. ரத்தத்துல அந்தச் செங்கல் எவ்வளவு மிச்சம்னுதான் இந்த வில்லை காட்டுது."

"நான் எல்லாத்தையும் அளந்துதான் சாப்பிடுதேன், டாக்டரம்மா. நோட்டுல எழுதுதேன்."

"அப்ப எப்படி ஏறுது? கிட்னி தின்னு தீர்க்கற வேகத்தைவிட அதிகமா யாரோ உங்களுக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. சதை எடுத்துப் பார்த்தோம். எதிர்ப்பு அணுக்கள் முழிச்சுக்கிச்சு. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன். அதுக்குள்ள முப்பதுக்குக் கீழே வரலேன்னா ஊசி போட்டே ஆகணும். கிட்னி தப்பிச்சுக்கும். உங்க நுரையீரல் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி."

செல்வியை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு, டாக்டர் செந்தூரை நிறுத்திவைத்தார்.

"இவங்க எப்பலேருந்து இப்படிச் சிரிக்கறாங்க?"

"மூணு வாரமா இருக்கும் டாக்டர். அதுக்கு முன்னால நாலு மாசம்... நாலு மாசமும் ஒரு சுவரோட குடித்தனம் பண்ணின மாதிரி இருந்துச்சு. கோவமும் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்துல உக்காந்தா உக்காந்திருப்பா. எந்திரிச்சுப் போனா பார்க்க மாட்டா."

"தெரியும். சந்தோஷத்துக்கு மூளை ஒரு பொருள் செய்யுது. அதையும் இந்த டிரிப்டோபன்லேருந்துதான் செய்யுது. கிட்னி தின்னது போக மிச்சம்தான் மூளைக்கு. இருபத்தஞ்சுக்குக் கீழ போனவங்க யாரும் மனசு விட்டுச் சிரிச்சதில்லை. பதினேழு பேருக்கு இந்த ஆபரேஷன் பண்ணியிருக்கேன், பார்த்துட்டுத்தான் சொல்றேன்." அவர் குரல் தணிந்தது. "அவங்க சிரிப்பைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு, செந்தூர்பாண்டி. யார் கொடுக்கறாங்கன்னு கண்டுபிடிங்க."

செந்தூர் தலையை ஆட்டினான். கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. கொடுத்தவன் அவன்தான்.

*

திரும்பும்போது கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சாலையைப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. செல்வி ஜன்னலில் தலை சாய்த்து, சாத்தூர் தாண்டியதும் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

ஆறாம் தேதி காலை அவனுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவர்கள் திருமண நாள். மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்தான். வாங்கி மேசைமேல் வைத்தாள். அவ்வளவுதான். அது கிள்ளிப் போட்ட கீரைபோல அப்படியே கிடந்தது. தன் உடம்பிலிருந்து ஓர் உறுப்பை அறுத்துக் கொடுத்திருக்கிறான். அவள் உடம்பு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அவள் மட்டும் எங்கோ போய்விட்டாள். அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றவன், வீட்டுக்குப் பின்னால் இருந்த தங்கள் கடலை மிட்டாய் ஷெட்டுக்குப் போய் வறுத்த கடலையில் ஒரு கை எடுத்துப் பொடித்து, மருத்துவமனை கொடுத்த காலைக் கஞ்சியில் இரண்டு கரண்டி கலந்துவிட்டான். இரண்டே கரண்டி. என்ன ஆகிவிடும்?

அன்று சாயங்காலமே அவள் சிரித்தாள். விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் கடலை மிட்டாய் கல்லாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்து, சாட்சிக்குத் தன் பல்செட்டையே கழற்றி மேசைமேல் வைத்த கதையைச் சொன்னான். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவன் அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். மறுநாளிலிருந்து இரண்டு கரண்டி தவறவே இல்லை.

"என்ன யோசனை?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள இறங்கிரும்."

"இறங்கலேன்னா?"

"இறங்கிரும் செல்வி."

நாளைக்குக் கஞ்சியில் எதுவும் இருக்காது. எண் இறங்கிவிடும். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவள் மறுபடி சுவராகிவிடுவாள். ஆகட்டும். உயிரோடு இருக்கிற சுவர். அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

*

புதன்கிழமை காலை கஞ்சியை அவனே காய்ச்சினான், வெறும் கஞ்சி. சாயங்காலம் அவன் போனில் எண் வந்து விழுந்தது.

நாற்பத்துமூன்று.

அவன் இரண்டு முறை பார்த்தான். தொழுவத்துப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ராஜாமணியிடம் நேரே போனான்.

"அம்மா, அவளுக்கு என்ன கொடுக்க?"

"என்னத்தைக் கொடுக்கேன்?"

"முட்டையா, பாலா? எள்ளுருண்டையா? மறைக்காம சொல்லு. நாப்பத்துமூணு காட்டுது."

அம்மா கையில் இருந்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "ஏலே, அஞ்சு மாசமா இந்த வீட்டுல ஒரு முட்டை அவிச்சிருக்கனா? வாசனை பட்டா அவளுக்கு ஆசை வருமேன்னு, மீன்காரன் தெருவுக்குள்ள வந்தாலே விரட்டி விடுதேன். எனக்கே நாக்கு செத்துப்போச்சு. நீ என்னைக் கேக்க வந்துட்ட!"

"பின்ன யாரு கொடுக்கா?"

"என்னைக் கேட்டா? அவ கிட்னியைக் கெடுக்கிறவளா நானு? என் மவன் வயித்தைக் கீறிக் கொடுத்த கிட்னிலே அது! அதுக்கு நான் வெசம் வைப்பனா?"

அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் திரும்பினான். வாசற்படியில் செல்வி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அத்தையை ஏன் ஏசுதீய? அவுக ஒண்ணும் தரலை. எனக்கு யாரும் ஒண்ணும் தரலை."

"அப்ப அது ஏன் ஏறுது செல்வி?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "தெரியலையே," என்றாள். அந்தக் குரலில் முதல் முறையாகப் பயம் இருந்தது.

*

வியாழக்கிழமை காலை நாற்பத்துநான்கு.

செந்தூர் சாப்பாட்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். வெல்லப் பாகு கொதிக்கும் மணமும் கடலை வறுபடும் மணமும் சேர்ந்து அடித்தன. இரண்டு வறுவல் டிரம்களும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

செல்வியின் எழுத்து சின்னது, நேரானது. காலை: கஞ்சி, ஒரு டம்ளர். பத்து மணி: இளநீர், அரை டம்ளர். மதியம்: சோறு, அளவுக் கிண்ணம் ஒன்று. சுரைக்காய், நான்கு துண்டு. ரசம், இரண்டு கரண்டி. ஒருநாள், 'அத்தை பொரித்த அப்பளத்தில் ஒரு விள்ளல்.' இன்னொரு நாள், 'தெரியாமல் ஒரு கறிவேப்பிலை மென்றேன்.' கறிவேப்பிலையைக்கூட எழுதுகிறவள் எதை விட்டிருப்பாள்?

வறுவல்காரர் பிச்சையா கரண்டியை நீட்டினார். செந்தூர் நாலு கடலையை எடுத்துத் தோலை ஊதி, வாயில் போட்டுக் கடித்தான். "சரிதான், இறக்குங்க." அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

அம்மா தட்டில் இட்லியோடு வந்து நின்றாள். நேற்றைய கோபம் முகத்தில் மிச்சம் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டாள். "நேத்து ராத்திரியில இருந்து வெறும் வயிறு. ரெண்டு இட்லியாவது தின்னு."

"வேண்டாம்மா. ஒண்ணும் சாப்பிடப் பிடிக்கலை. காலையில இருந்து வாயில ஒண்ணுமே..."

கடைவாய்ப் பல்லில் சிக்கியிருந்த கடலைத் துணுக்கை நாக்கு தள்ளிக்கொண்டிருந்தது. அவன் பேச்சை நிறுத்தினான்.

காலையில் இருந்து எத்தனை தடவை கரண்டி நீண்டது? நினைவில்லை. நினைவிருக்காது. பத்து வயதில் இருந்து கடிக்கிறான். யாராவது 'என்ன சாப்பிட்டாய்' என்று கேட்டால், ஒருநாளும் கடலை என்று சொன்னதில்லை.

மெதுவாகத் தலையைத் தூக்கினான். எதிர்ப்பக்க டிரம்முக்கு முன்னால் செல்வி நின்றிருந்தாள். இரண்டு வாரத்துக்கு மேலாகவே அவள் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பழைய செல்வி திரும்பிவிட்டாள் என்று அவன்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளில் இருந்து இந்த ஷெட்டில் வறுவல் பதம் அவள் சொல்வதுதான். கரண்டியிலிருந்து மூன்று கடலை எடுத்தாள். உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். "இன்னும் ரெண்டு நிமிசம் அண்ணாச்சி." இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மூன்று. மென்றாள். விழுங்கினாள். "இறக்குங்க."

ஒரு வறுவலுக்கு இரண்டு தடவை. தடவைக்கு மூன்று. ஒரு நாளைக்குப் பதினாலு வறுவல்.

"எண்பத்துநாலு," என்றான் செந்தூர் உரக்க.

"என்ன எண்பத்துநாலு?" என்று திரும்பினாள் செல்வி.

அவன் நோட்டைத் தூக்கிக் காட்டினான். "இதுல நீ எழுதலையே."

"எதை?"

"கடலையை, செல்வி."

அவளுக்குப் புரியவில்லை. "அது என்ன சாப்பாடா? பதம் பாக்குதேன். அதைப் போய் யாரு..."

சொல்லி முடிக்குமுன் அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. ஓடிப்போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். மறுபடி மறுபடி கொப்பளித்தாள். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானா? நானேதானா அத்தை?" என்றாள் செல்வி ஈர முகத்தோடு. "உங்களைப் போய் அந்தக் கேள்வி கேட்டாகளே."

"அதை விடு தாயி. இனி கடிக்காத. அவ்வளவுதான்."

பிச்சையா டிரம்மை நிறுத்திவிட்டுக் கரண்டியோடு அசையாமல் நின்றார். தினம் எண்பத்துநாலு கடலையை நீட்டியது அவர் கை.

*

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது முப்பத்தைந்து. திருமங்கலத்தில் முப்பத்திரண்டு. டாக்டர் அறைக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை, எண் முப்பத்தொன்று. மேசை ஓரத்தில் எஃகுத் தட்டு, அதில் துணி மூடிய ஊசி. செல்வி அதைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அந்தப் பழைய அமைதி இறங்கத் தொடங்கியிருந்தது. செந்தூருக்கு அது தெரிந்தது.

கடலைக் கதையைக் கேட்ட டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நோட்டு கொடுத்தேன், தராசு கொடுத்தேன். தொழில் என்னன்னு கேட்டேன். வேலை பார்க்கறப்ப வாயில என்ன போகுதுன்னு கேட்கலை. அது என் தப்பு."

பதினொன்று ஐம்பது. முப்பது.

செந்தூர் தன் விலாவில் இருந்த தழும்பைச் சட்டைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டான்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம். திரையில் எண் மாறியது. இருபத்தொன்பது.

டாக்டர் நீளமாக மூச்சுவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு ஊசித் தட்டை எடுத்துப் போகச் சொன்னார். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் செந்தூர் எழுந்து நின்றான். ஒளித்துவைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் போல நின்றான்.

"டாக்டர், ஒரு விஷயம். கடலை மட்டும் இல்லை. நானும் கலந்தேன். காலைக் கஞ்சியில ரெண்டு கரண்டி கடலைப் பொடி. ஆறாம் தேதியில இருந்து இந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்." செல்வி பக்கம் அவன் திரும்பவில்லை. "இவ சிரிக்கணும்னுதான். அன்னைக்குச் சாயங்காலமே சிரிச்சா. அதனால நிறுத்த மனசு வரலை."

டாக்டரின் முகம் இறுகியது. "உங்க கிட்னியை நீங்களே கொல்லப் பார்த்திருக்கீங்க. தெரியுதா?" என்றபடி திரையில் பழைய கோட்டை இழுத்தார். புருவம் சுருங்கியது. இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"ஆறாம் தேதியா? நல்லா நினைவிருக்கா?"

"எங்க கல்யாண நாள் டாக்டர்."

"இருக்க முடியாது. அன்னைக்குச் சாயங்காலம் இருபத்தொண்ணு. இந்த அஞ்சு மாசத்துலயே இவ்வளவு கீழ போனது இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. ஏற ஆரம்பிச்சதே பதினொண்ணாம் தேதிக்கு அப்புறம்தான். ரெண்டு கரண்டி பொடி சாப்பிட்டவங்களுக்கு எப்படி இறங்கும்?"

"சாப்பிட்டாத்தானே ஏறும்," என்றாள் செல்வி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. நான் பதினோரு வருசமா கடலை கடிக்கிறவ. அதுவும் லேசாத் தீய்ஞ்ச வறுவல். நல்லதாப் பாத்து எடுக்கக்கூட உங்களுக்குத் தெரியலை. துப்பிட்டு, டம்ளரோட கொண்டுபோய்த் தென்னை மரத்து மூட்டுல ஊத்திட்டேன். தினமும் ஊத்தினேன். நோட்டுல கஞ்சி ஒரு டம்ளர்னு எழுதினேன். அது ஒண்ணுதான் நான் தெரிஞ்சு எழுதின பொய். புதன்கிழமை பொடி இல்லை. அன்னைக்குத்தான் குடிச்சேன்."

"ஏன் புள்ள சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? கலந்து கொடுத்துட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னீய. கஞ்சி இல்லாம வயிறு காந்துச்சு. நாலு நாள் பொறுத்தேன். ஷெட்டுல போய் வேலை பாத்தா பசி மறக்குமேன்னு போனேன். மறந்துச்சு. ஏன் மறந்துச்சுன்னு இப்பதான் தெரியுது."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்கள் திரைக்கும் செல்விக்குமாகப் போய் வந்தன. "அதுக்கப்புறம் சிரிச்சதெல்லாம் கடலை. சரி. ஆறாம் தேதி சிரிச்சீங்கன்னு இவர் சொல்றார். இருபத்தொண்ணுல ஒரு மனுஷியால எப்படிச் சிரிக்க முடிஞ்சுது?"

"அந்தப் பல்செட்டுக் கதைக்கு," என்றாள் செல்வி. அவ்வளவுதான் சொன்னாள்.

செந்தூர் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு முகத்தை மறைத்துக்கொண்டது அவன் மட்டுமல்ல என்று இப்போது தோன்றியது. உள்ளே ஒரு துளி சந்தோஷமும் இல்லாத இடத்திலிருந்து அவள் அதை அவனுக்காகத் தோண்டி எடுத்திருக்கிறாள். எவ்வளவு கனத்ததோ அது.

டாக்டர் வெகுநேரம் ஏதோ எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "எதுலேருந்து வந்தாலும் டிரிப்டோபன் ஒண்ணுதான். கஞ்சியைக் கொஞ்சம் குறைச்சுடறேன். அதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு ஆறு கடலை. எந்த வறுவலுக்குன்னு நீங்களே வச்சுக்கோங்க. ஆனா எழுதணும்."

*

சாயங்காலம் ஷெட்டில் ஐந்து வறுவல்கள் மிச்சம் இருந்தன. மூன்றுக்குச் செந்தூர் கடித்துப் பார்த்துப் பதம் சொன்னான். செல்வி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் "இறக்குங்க" என்றபோதெல்லாம் பிச்சையா அவளைப் பார்த்தார். அவள் முகம் அசையவில்லை. கடைசி இரண்டுக்கு அவள் எழுந்து வந்து, தடவைக்கு ஒன்றாக நான்கு கடலைதான் கடித்தாள். ஒவ்வொன்றையும் நெடுநேரம் மென்றாள்.

வீட்டுக்குள் வந்து நோட்டைத் திறந்தாள். ஆறாம் தேதியில் இருந்து செவ்வாய்க்கிழமை வரை 'கஞ்சி, ஒரு டம்ளர்' என்று இருந்ததை ஒவ்வொன்றாக அடித்து, 'குடிக்கவில்லை' என்று எழுதினாள். அம்மா ஐந்து மாதத்துக்குப் பிறகு மீன்காரனிடம் பேரம் பேசும் சத்தம் வாசலில் கேட்டது. இன்றைய பக்கத்துக்கு வந்து, 'கடலை, நான்கு' என்று எழுதினாள்.

வில்லையின் எண் இருபத்தாறு.

செந்தூர் எதிரில் உட்கார்ந்திருந்தான். வேண்டுமென்றே அவள் முகத்தைப் பார்க்காமல், கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாம் தேதிப் பக்கம் மறுபடி கண்ணில் பட்டபோது, அவனால் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தான்.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சே. அன்னைக்குச் சிரிச்சியே, அது?"

செல்வி பேனாவை மூடி வைத்தாள்.

"அது என்ன சாப்பாடா," என்றாள், "எழுதி வைக்க?"